மூன்றாவது மாடியில் ஒரு படகு

காவேரி: ஆட்டாதீங்க.

முனிவேல்: நான் எங்க ஆட்டுறேன்? அதுவா ஆடுது. கயித்துல தொங்கவிட்டா ஆடாதா?

காவேரி: மூணாவது மாடியில படகைக் கட்டிலாப் போட்டிருக்கிற வீட்டை நீங்கதான் புடிப்பீங்க.

முனிவேல்: போன்ல படம் நல்லா இருந்துச்சு. பாண்டிச்சேரி, கடல் தெரியும்னு...

காவேரி: தெரியுதே. பாத்ரூம்ல இருந்து.

முனிவேல்: சுவத்துல பாத்தியா? "படகில் செருப்புடன் ஏற வேண்டாம்."

காவேரி: அதுக்குக் கீழ பாருங்க. "படகு நகர்ந்தால் பயப்பட வேண்டாம்."

முனிவேல்: இத எப்படி மேல ஏத்துனாங்க? படியில திரும்பாது. கிரேன் வெச்சாலும் ஜன்னல்...

காவேரி: கடல் வந்திருக்கும். இத இங்க வெச்சிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

முனிவேல்: மூணு மாடிக்கா?

காவேரி: உங்களுக்கு எல்லாத்துக்கும் கிரேன் வேணும். கண்ணை மூடுங்க... போவுது பாருங்க.

முனிவேல்: எங்க?

காவேரி: திரும்ப ஓசூருக்கு இல்ல. அது போதும்.

முனிவேல்: ...ஆமா. போவுது.

காவேரி: ஏங்க... வந்து ரெண்டு நாளாச்சு. இப்பத்தான் ஒண்ணாப் படுத்திருக்கோம்.

முனிவேல்: நேத்து?

காவேரி: நேத்து ராத்திரி நான் படுத்தேன், நீங்க பால்கனியில. காலையில ஆறு மணிக்கு நான் கடலுக்குப் போனேன், நீங்க வந்து படுத்தீங்க. ஊர்ல நான் பகல் ஷிப்ட், நீங்க நைட்டுன்னு மாறி மாறிப் படுக்கிற மாதிரியே. கம்பெனி பஸ்ஸு ஒண்ணுதான் வரல.

முனிவேல்: பழக்கம்...

காவேரி: நானும் உப்புமா கிண்டி டப்பாவுல போட்டு, "சூடு பண்ணிக்கவும்"னு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போறேன். லீவுக்கு வந்த எடத்துல!

முனிவேல்: நான் தின்னுட்டு, "உப்பு கம்மி"ன்னு எழுதினேன்ல?

காவேரி: பாத்துச் சிரிச்சேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முனிவேல்: தொரப்பள்ளி வீட்டுல நம்ம மெத்தை மூணு வருசமா ஆறுனதே இல்ல, காவேரி. நைட் ஷிப்ட் முடிச்சு அந்தக் குளிர்ல வந்து படுத்தா... உன் சூடு அப்படியே இருக்கும்.

காவேரி: எனக்கு ஆள் வேணும். திங்கக்கிழமை பகல் ஷிப்ட் கேளுங்க. இல்லன்னா நான் வேப்பனப்பள்ளிக்கு, எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்.

முனிவேல்: மெரட்டுறியா?

காவேரி: இல்ல. அங்க போறதுக்கும் பையைக் கட்டிட்டுதான் வந்தேன்.

முனிவேல்: ...சூப்பர்வைசர் திம்மப்பன் சார் விடமாட்டாரு. நைட்டுக்கு ஆளில்லன்னு என்னைத்தான்...

காவேரி: அவரைச் சந்தையில பாத்தேன்.

முனிவேல்: எப்ப?

காவேரி: போன மாசம். "உங்க வீட்டுக்காரரு தங்கமான ஆளும்மா, எல்லாரோட நைட்டையும் அவரே கேட்டு வாங்கிக்கிறாரு"ன்னாரு.

முனிவேல்: அவரு அப்படியா சொன்னாரு?

காவேரி: படகு நின்னுடுச்சு பாருங்க.

முனிவேல்: பாப்பா வயித்துலயே போனதுல இருந்து... நீ தூக்கத்துல அழுவுற.

காவேரி: நானா?

முனிவேல்: உனக்குத் தெரியாது. எழுப்பிக் கேக்க எனக்குத் தைரியம் வரல. பக்கத்துல படுத்துக் கேட்டுக்கினு இருக்கவும் முடியல. அதான்... நைட்டு.

காவேரி: அதுக்காகவா எல்லாரோட நைட்டும்?

முனிவேல்: நேத்தும் அழுத. பால்கனி வரைக்கும் கேட்டுச்சு.

காவேரி: நான் தூங்கல.

முனிவேல்: என்னா?

காவேரி: நேத்தும் தூங்கல. ஊர்ல அழுதப்பவும் தூங்கல. முழிச்சிக்கினுதான் அழுதேன்... ஒரு தடவையாவது என்னான்னு கேப்பீங்கன்னு.