ஒரு வாய்க் கடல்நீர்

கடல் ஒருபுறமும் வாவி மறுபுறமும் காவல் நிற்க, நடுவே நூலளவு நிலத்தில் நெடுங்காலம் நிலைத்து வாழும் களுவாஞ்சிக்குடிப் பெருமக்களே! இந்த அவையின் தலைமை இருக்கையை அழகு செய்யும், வட்டை என்னும் நம் வயல்வெளிகளைக் காக்கும் வட்டை விதானையார் வினாயகமூர்த்தி அவர்களே! வெள்ளாமை பல கண்டு, விளைச்சலும் வெள்ளமும் மாறிமாறிக் கண்டு, வெயிலில் கறுத்த முகங்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மாலைச் சமையலை மறந்து வந்திருக்கும் தாய்மாரே! மறக்கவில்லை, முடித்துவிட்டே வந்தோம் என்கிறீர்கள். திருத்திக்கொள்கிறேன்: முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! வாசிகசாலைச் செயலாளர் அவர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகின்றேன்.

எனக்குத் தரப்பட்ட பொருள், வீட்டில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டுகள், இட்ட ஒரு சிறு கடல்நீர்த் தொட்டி அமைப்பதும் அதைப் பேணுவதும். ஐந்து மணிக்குள் எல்லோரும் வீடு சேரவேண்டும் என்பதால் நேரம் சுருக்கமாகவே தரப்பட்டிருக்கிறது.

நாடு கிடக்கிற கிடையில் இந்த மனிதருக்கு மீன் வளர்ப்பா என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. கேட்கிறது ஐயா, கேட்கிறது. கேள்வி நியாயமானது. மீன்பிடிப் பரிசோதகராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய நான், நியாயமான கேள்வியைத் தட்டிக் கழித்ததில்லை. பதில் வரும். வரிசைப்படி வரும்.

தொட்டி என்றால் என்ன? கண்ணாடியா? கண்ணாடி வெறும் சுவர். கல்லா? கல் வெறும் தரை. மீனா? மீன் அங்கே குடியிருக்கும் விருந்தாளி. தொட்டி என்பது தண்ணீர், அவையோரே, தண்ணீர்! தண்ணீரைக் காத்தால் தண்ணீர் மற்றதையெல்லாம் காக்கும்.

என் தொட்டி இரண்டரை அடி நீளம். அகலமும் உயரமும் பதினைந்து அங்குலம். கல்லும் மணலும் போக, ஏறத்தாழ நூறு லீற்றர் நீர் கொள்ளும். கிழக்கு யன்னலோரம் வைத்தேன். காலை வெயில் இரண்டு மணி நேரம் விழும், அது போதும். கல்லுக்காகக் கடலில் உயிருள்ள முருகையை உடைக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம். கரைவலையில் சிக்கி வரும் துண்டுகளே தாராளம். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு கிழியுங்கள். வெயிலில் ஆவியாகிப் போவது நீர்தான், உப்பு அல்ல. ஆகவே கோடு இறங்கினால் கிணற்றுநீர் ஊற்றுங்கள். அங்கே கடல்நீரை ஊற்றினால் வாரத்துக்கு வாரம் தொட்டி உப்பளமாகும்.

காற்று? மின்சாரம் இல்லாத ஊரில் மீனுக்கு மூச்சு ஏது என்று கேட்பீர்கள். லொறி ரியூப் ஒன்றைச் சைக்கிள் பம்பால் ஊதி நிரப்பினேன். ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றும் குழாய் இருக்கிறதே, சிறு சில்லைத் திருகினால் கூடும், குறையும், அதை அந்த ரியூபில் பொருத்தினேன். குமிழி குமிழியாகக் காற்று இறங்கிற்று. மனிதருக்கு உப்புநீர் ஊட்டிய குழாய், உப்புநீருக்கே மூச்சு ஊட்டிற்று!

இவ்வளவும் செய்தபின் மீன் விடலாமா? விடலாகாது. ஆறு வாரம் வெறும் தண்ணீரும் வெறும் கல்லும்தான் இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறினால்தான் மீனின் கழிவு நஞ்சாகாமல் இருக்கும். அந்த ஆறு வாரமும் நான் நாற்காலி போட்டுத் தொட்டியைப் பார்த்திருந்தேன். என் துணைவியார் மங்கையற்கரசி, வேலிக்கு அப்பால் நின்று விசாரித்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“என்ன கா, ஒங்கட ஆள் கண்ணாடிக்குள்ள என்ன வளக்கிறார்?”

“தண்ணி வளக்கிறார் கா. நல்லா வளருது.”

சிரியுங்கள். அன்று அந்த வேலியே சிரித்தது.

ஏழாவது வாரம், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில், தங்கராசா வந்தார். அவரை இங்கே அறியாதார் இலர். மூச்சை அடக்கிக் கடலடி சென்று, அலங்கார மீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புபவர். கையில் ஒரு வாளி. வாளிக்குள் இதழ் விரித்த ஒரு கடற்சாமந்தி. பூப்போல இருக்கும், ஆனால் விலங்கு. அதன் மடியில் செம்மஞ்சள் உடலும் வெள்ளைப் பட்டையுமாக இரண்டு கோமாளி மீன்கள்.

“ஐயா, இது ஒரு சோடி. இதுகளக் கொழும்புக்கு அனுப்ப மனம் வரல்ல. நான் கடலுக்குப் போற பாஸ் எடுக்கிற அலுவலாப் போயிற்று வாறன். ரெண்டு நாளைக்கு ஒங்கட தண்ணில நிக்கட்டும்.”

“எது ஆண், எது பெண்?” என்று கேட்டேன்.

“பெரிசு பொஞ்சாதி, சின்னது புரிசன். எங்கட ஊட்டு மாதிரித்தான்.”

அருகில் நின்ற அவர் மனைவி சின்னத்தங்கம், “வாயப் பாருங்க ஐயா, வாய!” என்று முந்தானையால் அவரைத் தட்டினார்.

இரண்டு நாள் என்றார். மறுநாள் வழிச்சோதனையில் பேருந்தை நிறுத்தி, தங்கராசாவை இறக்கினார்கள். பேருந்து வந்து சேர்ந்தது. அவர் வந்து சேரவில்லை. இதற்குமேல் அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்த அவையில் விளங்காதவர் யாருமில்லை.

அன்று முதல் அந்தச் சோடி என் பொறுப்பு. சின்னத்தங்கம் ஞாயிறுதோறும் மாலை வருவார். இறால் துண்டு சிறிதாக நறுக்கி, ஒரு சிரட்டையில் கொண்டு வருவார். இரண்டு மீனும் வந்து தின்பதைப் பார்ப்பார். போவார். அவர் எதைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பது எனக்கு விளங்காமலில்லை.

இனி, பேணும் முறை. வாரம் ஒருமுறை, தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை அகற்றிப் புதிய கடல்நீர் விடவேண்டும். பத்து லீற்றர்; ஒரு பிளாஸ்டிக் கான். சனிக்கிழமை சைக்கிளில் கடற்கரை சென்று கொண்டு வருவேன். வழியில் காவலரண். கானுக்குள் நிறமற்ற திரவம். பெற்றோலோ, மண்ணெண்ணெயோ, வேறு எதுவோ என்று அவர்கள் ஐயுறுவது அவர்களின் விதி. காவலில் நின்ற படைவீரர் கானைக் காட்டி, வாயைக் காட்டி, “பொன்ன” என்பார். சிங்களத்தில் குடி என்று பொருள். குடிப்பேன். கடல்நீர், அவையோரே! சனிதோறும் ஒரு வாய்! முதல் வாரம் வாந்தி எடுத்தேன். நாலாவது வாரம் முகம் சுளித்தேன். பத்தாவது வாரம் சுவைத்தேன்! ஆம், சுவைத்தேன். இந்த வாரம் சற்றுக் கடுமை, போன வாரம் சற்று மென்மை என்று என் நாக்கே உப்பை அளக்கத் தொடங்கிற்று. உப்பை அளக்கும் கருவியைக் கடையில் வாங்கலாம். ஈயம் அடைத்த கண்ணாடிக் குழாயைக் காவலரண் வழியே கொண்டு வருவது யாரால் முடியும்? நாக்கைக் கொண்டு வரலாம். அதை எவரும் சோதிப்பதில்லை.

மார்கழி வந்தது. மழை வந்தது. சுற்றிவளைப்பும் ஊரடங்கும் வந்து இரண்டு சனிக்கிழமைகளை விழுங்கின. வாவி நிறைந்து, வயல் மூழ்கி, வட்டைகள் அழியும் தறுவாயில், தலைவர் அவர்கள் நாற்பது பேரோடு சென்று கல்லாற்று முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டார். தலைவர் அவர்களே, தலையை ஆட்டாதீர்கள், குற்றம் சாட்டவில்லை. நீங்கள் வெட்டியிராவிட்டால் இந்த அவையில் பாதிப்பேருக்கு அவ்வாண்டு சோறு இல்லை. ஆனால் வெட்டியதும் என்ன நிகழ்ந்தது? வாவி முழுதும் கடலுக்குள் பாய்ந்தது. மழைநீரும், சேறும், வயல்களுக்கு இட்ட உரமும் மருந்தும் கரையோரம் நெடுகப் பரந்தன.

மூன்றாம் சனி கடற்கரை சென்றேன். தவறிய இரண்டு வாரங்களையும் ஈடுசெய்ய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வகுத்து, ஒன்றல்ல, மூன்று கான் மொண்டேன். நீர் கலங்கியிருந்தது. மாரிக்கடல் கலங்கித்தானே இருக்கும்? காவலரணுக்கு வந்தேன். அதே படைவீரர். நான் மூடியைத் திறக்கக் கைவைத்தேன். அவர் கையை உயர்த்திச் சிரித்தார்.

“மாத்தயா, வேணாம். உங்களத் தெரியும்தானே. போங்க, போங்க.”

நாலு மாதம் உப்புநீர் குடித்துச் சம்பாதித்த நம்பிக்கை! மனிதன் மகிழ மாட்டானா? நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்து, குடிக்காமல் வந்தேன். குடிக்காமல் ஊற்றினேன்.

ஞாயிறு காலை, பெரிய மீன் மணலில் பக்கவாட்டில் கிடந்தது. சாமந்தி சுருங்கி ஒரு முடிச்சாகியிருந்தது. சின்ன மீன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நின்றது. தொட்டி நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு நன்றாக மங்கி, சேற்றுச் சுவை தட்டிற்று.

நல்ல நீருக்கு எங்கே போவேன்? கேட்காமலே பதில் வந்தது. என் துணைவியார் குசினிக்குப் பின்னாலிருந்து இரண்டு கான்களை இழுத்து வந்தார். கார்த்திகையில் நான் கூடுதலாகக் கொண்டுவந்து மறந்த நீர்.

“தண்ணி வளக்கிற மனிசனுக்கு ஒரு நாளைக்கு உதவும் எண்டு எடுத்து வச்சன். ஊத்துங்க.”

ஊற்றினேன். சின்ன மீன் பிழைத்தது. எப்போதும் கைவசம் இரண்டு கான் நல்ல நீர் இருக்கவேண்டும் என்ற விதி, நான் வகுத்ததல்ல. என் வீட்டில் என்னைப் பரிகசித்தவர் வகுத்தது.

மாலை சின்னத்தங்கம் வருவார். அதற்குள் என்ன செய்வது? துணைவியார் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அது பூவுக்குள்ள ஒளிச்சுக் கிடக்கு எண்டு சொல்லிருங்க. பாவம், அந்தப் புள்ள தாங்காது.”

சொல்லியிருக்கலாம். கோமாளி மீன் ஒளியும், எவரும் ஐயுறமாட்டார். ஆனால் ஒரு சாவை மறைப்பவன் அதன் காரணத்தையும் மறைக்கவேண்டி வரும். காரணத்தை மறைத்தால் அடுத்த சாவு நிச்சயம். சிரட்டையோடு வந்தவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் குடிக்காததையும் சொன்னேன்.

சிரட்டையைக் கீழே வைத்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

“செத்தது எது ஐயா?”

“பெரியது.”

“அது பொம்பிளதானே?”

“ஓம்.”

“அப்ப அவர் இரிக்கார்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் மேலும் சொன்னார்:

“இனித் தண்ணி நான் கொண்டு வாறன். அவங்க குடிக்கச் சொன்னாலும் குடிப்பன், சொல்லாட்டியும் குடிப்பன்.”

அவ்வாறே செய்தார். அடுத்த சனி முதல், காவலரணில் எவரும் கேட்குமுன்னரே கானைத் திறந்து ஒரு வாய் குடித்தார். படைவீரர் திகைத்து, “அக்கே, ஏன்?” என்றாராம். “ஒனக்கில்ல தம்பி, எனக்குப் பாக்கணும்” என்றாராம் இவர்.

அவையோரே! இப்போது அந்தப் பின்வரிசைக் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் நம்மை நிறுத்துகிறார்கள், நிற்கிறோம். குடிக்கச் சொல்கிறார்கள், குடிக்கிறோம். அடையாள அட்டையைக் காட்டு என்கிறார்கள், காட்டுகிறோம். கேட்பவர் இருக்கும் வரையில் ஒழுங்காக இருக்கிறோம். கேளாத நாளில்? காவல் சிரித்துக் கையசைக்கும் நாளில்? அந்த நாளுக்கு உங்களிடம் ஒரு விதி உண்டா? பிறர் ஐயத்தால் திணித்த ஒரு வாயை, உங்கள் அக்கறையால் நீங்களே குடிப்பீர்களா? என் தொட்டியில் செத்தது உப்பில்லாமல் செத்ததல்ல, கேட்பாரில்லாமல் செத்தது! தண்ணீரைக் காப்பது காவலரணன்று, நாக்கு! உங்கள் நாக்கு! உங்கள் சொந்த நாக்கு!

கைதட்டலுக்கு நன்றி. நேரமாகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இன்னும் ஒரு செய்தி. பெண் இல்லாத இடத்தில், எஞ்சிய ஆண் கோமாளி மீன் சில மாதங்களில் வளர்ந்து, தானே பெண்ணாக மாறிவிடும். நூல் சொல்கிறது. தாய்மார் மூக்கில் விரல் வைக்க வேண்டாம், இயற்கை. நான் அதைச் சின்னத்தங்கத்திடம் சொல்லத் தயங்கினேன். ஆனிமாதம் அவரே கேட்டார்.

“ஐயா, இது பெரிசாகுதே. பழைய பெரிசு மாதிரி வருதே.”

சொன்னேன். கேட்டுவிட்டு, பத்து மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

“அப்ப ரெண்டு பேர்ர வேலையையும் ஒராள்தான் பாக்குது. நானும் அதத்தானே ஐயா செய்யிறன்!”

கிழிந்த வலை பொத்தி, கருவாடு விற்று, கூரை வேய்ந்து, தண்ணீர் சுமந்து, வாய் நிறையக் கடலைக் குடித்துக்கொண்டிருந்தவர் சொன்ன சொல் அது.

சென்ற தை மாதம், சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. தடுப்பிலிருந்து விடப்பட்டு, ஒரு பகற்பொழுதில் தங்கராசா பேருந்திலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவியோடு நேரே என்னிடம் வந்தார். தொட்டியின்முன் குந்தினார். சாமந்தி விரிந்திருந்தது. மீன் ஒன்று நீந்திற்று. இருபது ஆண்டு கடலடி பார்த்த கண் அது, உடனே சொல்லிற்று.

“பெரிசு நிக்கிது. சின்னது போயிற்றா ஐயா?”

நான் வாயைத் திறக்குமுன், பின்னால் நின்ற சின்னத்தங்கம் சொன்னார்:

“இதுதான் சின்னது.”

அவர் மீனைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். காய்ப்பேறிய கையை, கறுத்த தோளை, அசையாத அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு,

“நல்லா வளந்திருக்கு,” என்றார். “இனி வாற ஆள்தான் சின்ன ஆள் போல.”

“ஓம்,” என்றார் சின்னத்தங்கம். “வாற ஆள் கானத் தூக்கிற்று வரட்டும்.”

தங்கராசா தூக்கி வருகிறார். போன சனிக்கிழமை கானோடு, ஒரு சிறு கோமாளி மீனையும் கொண்டு வந்தார். பெரியது அதை மூன்று நாள் துரத்திற்று. நேற்றுக் காலை இரண்டும் ஒரே சாமந்திக்குள் கிடந்தன. இருவரும் அதோ, தூணருகே அமர்ந்திருக்கிறார்கள். எழவேண்டாம், அவை உங்களைப் பார்த்துவிட்டது.

பொறுமையோடு செவிசாய்த்த உங்களுக்கும், பேச இடம் தந்த வாசிகசாலைக்கும், வாவியை வெட்டி ஊரைக் காத்த தலைவருக்கும் என் நன்றி. செயலாளர் அவர்களே, மேசையில் எனக்கென்று ஒரு குவளை வைத்திருந்தீர்கள். நல்ல கிணற்றுநீர். பேசத் தொடங்குமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டேன். இருட்டுமுன் எல்லோரும் நலமே வீடு சேருங்கள். வணக்கம்.