கடைசி பெஞ்சைக் கழற்றியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பாடசாலை வேன் சாரதிகள் சங்கத்தின் தலைவர் மூக்கையா அவர்களே, மனைவி றம்ஸியா டீச்சரைப் பறிகொடுத்த துயரத்தோடு நம் முன் இருக்கும் ஸமீம் நானா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பெற்றோர்களே, தெல்தோட்டையிலிருந்து என்னோடு வண்டி ஓட்டி வந்த தொழில் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் சுகிர்தாவின் வணக்கம்.

நான் உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பல வேன்களுக்குச் சொந்தக்காரர். "தங்கச்சி, இது துக்கத்துக்குக் கூடின கூட்டம். நாலு நல்ல வார்த்த சொல்லிட்டு எறங்கிடுங்க. பெஞ்சு கதையெல்லாம் இங்க வேணாம்" என்றார்.

ஐயா, மன்னியுங்கள். பெஞ்சுக் கதையை விட்டுவிட்டு றம்ஸியா டீச்சரைப் பற்றி நான் எதைப் பேசுவது? அவர் சிரித்த முகத்தைப் பற்றியா? பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீடுகளுக்கு அனுப்பிய வட்டிலப்பத்தைப் பற்றியா? அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வாழ்ந்ததும் போராடியதும் அந்தப் பெஞ்சுக்காக! அவர் உயிர் போனதும் அந்தப் பெஞ்சால்!

நமது சங்கத்தின் உபதலைவர் றம்ஸியா அவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டு எங்களோடு பாடசாலை வேன் ஓட்ட வந்தார். வந்த புதிதில் எங்கள் வேன்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பின்சில்லுகளுக்கும் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பெஞ்சு இருந்தது. வேன் செய்தவன் போட்ட பெஞ்சு அல்ல அது. கூடுதலாகப் பிள்ளைகளை ஏற்ற நாங்கள் போட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, "இத கழட்டணும்" என்றார். மண்டபமே சிரித்தது. தலைவர் மூக்கையா அவர்களும் சிரித்தார். "புள்ளைங்கதானே டீச்சர், பஞ்சு மாதிரி. அதுங்க என்னா பெரிய பாரம்?" என்று கேட்டார்.

"பஞ்சுக்கு நீங்க கட்டி விடுற புத்தகப் பைய மறந்துட்டீங்களே" என்றார் டீச்சர்.

சிரித்தவர்களை அவர் கோபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். வந்தோம், வேடிக்கை பார்க்கத்தான் வந்தோம்! தன் வேனுக்குள், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில், மணல் மூட்டைகளை அடுக்கினார். ஈரப் புல்லில் ஒரு தகரப் பீப்பாயை நிறுத்திவைத்து, அதைச் சுற்றி வளைத்து ஓட்டும்படி மூக்கையா அவர்களிடம் சாவியைக் கொடுத்தார். அவர் ஓட்டினார். வண்டி அழகாகத் திரும்பியது. கை தட்டினோம்.

பிறகு அதே மூட்டைகளை, நாங்கள் பின் பெஞ்சு போடும் இடத்துக்கு மாற்றினார். ஒரு மூட்டைகூடக் கூட்டவில்லை. வண்டியின் பின்பக்கம் இறங்கி, மூக்கு மேலே எழும்பியதை எங்கள் கண்ணாலேயே கண்டோம். மூக்கையா அவர்கள் அதே வேகத்தில் வந்தார். அதே இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி நேரே போய்ப் பீப்பாயை உருட்டித் தள்ளியது! நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பீப்பாய் உருண்டது.

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாரம் கூடல்ல, எடம் மட்டும்தான் மாறின. பின்னுக்கு பாரம் ஏற ஏற முன்சில்லு ரோட்ட அழுத்தாது. அழுத்தாத சில்லு எப்பிடித் திரும்பும்? எப்பிடி பிரேக் புடிக்கும்? அதுக்கு மேல கூரையில பையையும் கட்டுறீங்க. வளைவுல வண்டி சாயாம என்ன செய்யும்? நான் செல்றது வெளங்குதா?"

விளங்கியது தோழர்களே! மூக்கையா அவர்கள் அன்றைக்கே தன் பெஞ்சைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஆனால் எத்தனை பேர் கழற்றவில்லை? வேன் சொந்தமில்லாத சாரதிகளுக்கு முதலாளிமார் விட்டார்களா? குறைந்த கட்டணத்துக்கு நெரித்து ஏற்றும் வேன்களைத் தேடி எத்தனை பெற்றோர் போனார்கள்? டீச்சருடைய வேனின் நாலு டயரையும் ஒருநாள் யாரோ குத்திக் கிழித்துப் போட்டார்கள். நான் பதறியடித்துக்கொண்டு ஓடினேன். அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டிருந்தார். "டயர்லதான் காத்து போன சுகிர்தா, எனக்கு போகல்ல" என்றார்.

போன மாதம் அந்த மழை நாளில், பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெறும் வேனோடு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு பாடசாலை வேன் இறங்கி வந்தது. பின் பெஞ்சு நிறையப் பிள்ளைகள், கூரை நிறையப் பைகள். வளைவில் அது திரும்பவில்லை. நேரே வந்து டீச்சர் இருந்த பக்கத்தில் மோதியது. பிள்ளைகள் காயங்களோடு தப்பினார்கள். நம் டீச்சர் தப்பவில்லை.

அந்த வேனை ஓட்டிய சதீஸைப் பேராதனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காலில் கம்பி போட்டுப் படுத்திருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "அக்கா, நான் திருப்புனேன். நல்லா ஒடிச்சுத் திருப்புனேன். வண்டி திரும்பலக்கா."

அவனை அடிக்க வேண்டும் என்று துடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன், அந்த வண்டி அவனுடையதா? அந்தப் பெஞ்சு அவன் போட்டதா? "கழட்டட்டுமா" என்று கேட்டவனிடம், "அப்ப சாவிய வச்சிட்டுப் போ" என்று சொன்னது யார்? பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும்.

மழை கொன்றது என்கிறார்கள். அதே மழையில், அதே வளைவில், பெஞ்சு இல்லாத என் வேன் அதற்குச் சற்று முன்னர்தானே இறங்கியது! என்னை மழை ஏன் விட்டது? விதி என்கிறார்கள். இதை ஸமீம் நானாவிடமே கேட்டேன். அவர் சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன்: "மௌத்து அல்லாஹ்ட நாட்டம், தங்கச்சி. அதுல எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. ஆனா அந்த பெஞ்ச இறுக்கினது மனுசன்ட வேல."

மனிதன் இறுக்கியதை மனிதன் கழற்றலாம்! கழற்றுவோம்! பெஞ்சோடுதான் ஓட வேண்டும் என்று சொல்லும் வேனை எங்கள் சங்கத்து ஆள் ஒருவரும் எடுக்கப்போவதில்லை. அதற்காக வேலையை இழக்கிறவருக்கு எங்கள் வேன்களில் ஓட்டம் பிரித்துக் கொடுப்போம். சதீஸ் எழுந்து நடக்கும் நாளில் முதல் ஓட்டம் அவனுக்கு. டயரைக் குத்துகிறவர்கள் குத்துங்கள், ஒட்டிக்கொண்டு வருவோம். எங்கள் வேனில் இடமில்லை என்றால் இல்லைதான். பெற்றோர்களே, எங்களைத் திட்டுங்கள். ஆனால் அந்தப் பெஞ்சில் உங்கள் பிள்ளையை ஏற்றாதீர்கள்!

வெளியே தட்டுகிற சத்தம் கேட்கிறதா? பதினொரு சாரதிகள் முதலாளிமாரைக் கேட்காமல் இப்போதே பெஞ்சுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். கதிரை போதாமல் பின்னால் நிற்கும் தாய்மாரே, அந்தப் பெஞ்சுகளை உள்ளே கொண்டுவந்து போடச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சிமெந்துத் தரையில் எந்தப் பெஞ்சும் யாரையும் கொல்லாது. பயப்படாமல் உட்காருங்கள்.