பாதை வருமட்டும்

இல்ல தம்பி, பிந்திப் போகல்ல. அந்தா அக்கரையில நிக்குது பாருங்க, அதுதான் பாதை. ரோட்டைச் சொல்லல்ல, பஸ் ஏத்திற அந்தத் தெப்பத்தைத்தான் எங்கட பக்கத்தில பாதை எண்டுற. அது இங்கால வந்து, முதல்ல பஸ் ஏறி, மறுகா நாம நடந்து ஏறி, கிண்ணியாவுக்குப் போய்ச் சேர நல்லா நேரம் எடுக்கும். அதுமட்டும் இந்த நிழல்ல குந்துங்க. கால் கவனம், அந்தச் சாக்குக்குள்ள என்னவோ இரும்பு கிடக்கு. அவ கட்டின மூட்டை. நான் தூக்கிக்கிட்டு வந்ததோட சரி.

ஓம், அவதான் என்ட பொஞ்சாதி. பேர் சித்தி பரீதா. அந்தா முக்காட்டைப் பிடிச்சுக்கிட்டு தண்ணிக்க கால நனைச்சிக்கிட்டு நிக்கிறா. பிறந்ததில இருந்து துறைமுகத்துத் தண்ணியைப் பாத்தவ, இதில என்ன புதினத்தைக் கண்டாளோ தெரியா.

பதுளையா? அப்ப உங்களுக்கு எல்லாமே புதினம்தான். பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோட, காசு கூடச் செலவழிக்காம ரெண்டு மூணு நாள் சுத்திப் பாக்க வந்திரிக்கீங்க. நல்ல வேல செஞ்சீங்க. மாஸ்டர்மாருக்கு அப்பிடி ஒரு லீவாவது இரிக்கு. நாங்களும் அதே கதைதான் தம்பி, மூண்டு நாள் பயணம். ஹோட்டல் கீட்டல் ஒண்டும் வேணாம், கையில கட்டுச்சோறு, போற இடத்தில பாய்.

இங்க கடல் எது ஆறு எது எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து, கண்டல் மரத்துக்கு நடுவால போய்க்கிட்டே இரிக்கும். கிண்ணியா தாண்டினா உப்பாறு, மறுகா எங்கட பக்கத்துக் கங்கை, அங்கால இறால்குழி. எல்லாத் துறையிலயும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறோணும். சனம் அதுக்கு வாய் ஓயாம ஏசும். நீங்க ஏசாதீங்க. சும்மா கிடைக்கிற காட்சி அதுதான். அவிச்ச கச்சான் கடலை வாங்கிறதெண்டா இந்தத் துறையில வாங்குங்க, அங்கால விக்கிறது நேத்தையான். இருட்ட முதல் வெருகலுக்குப் போய்ச் சேந்தா கோயில் மடத்தில படுக்க விடுவாங்க. ஆத்தங்கரையில படுக்காதீங்க, நுளம்பு கடிச்சே தூக்கிக்கிட்டுப் போயிரும்.

எங்களுக்கா? இண்டைக்கு கிண்ணியாவில லாபிர் எண்டு என்ட மச்சான் வீடு. நாளைக்கு மூதூரில அவட ராத்தா வீடு, கூடப் பிறந்த மூத்தவ. மறுநாள் வெருகல்ல முத்துலிங்கம். அவனும் நானும் துறைமுகத்தில கப்பலுக்குப் பெயின்ட் அடிச்ச ஆக்கள். ஒரே பலகையில தொங்கிக்கிட்டு, அவன் அந்தத் தொங்கல், நான் இந்தத் தொங்கல். ஒருத்தன் தும்மினா மத்தவனும் ஆடுவான். வெள்ளைக்காரன் போனதுக்குப் பொறகு வேல குறைஞ்சு, அவன் ஊரோட போய் சோளம் போட்டான். காவலுக்கு ஒரு கொட்டில் வெச்சிரிக்கானாம். சும்மாதான் கிடக்குதாம்.

அதுக்குப் பொறகா? அதுக்குப் பொறகு... பாப்பம். கச்சான் எடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க.

கலியாணம் முடிச்ச புதுசில அவவுக்குச் சொன்னது, வெருகல் ஆத்தைக் காட்டுறன் எண்டு. எங்கட வீடு ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழ. அந்த ஏத்தத்துக்கு அங்கால அவ போனதெண்டா ஆஸ்பத்திரிக்கு, மறுகா கடைத்தெருவுக்கு. ராத்தாவைப் பாக்கிறதெண்டாலும் ராத்தாதான் இங்க வாற. இப்ப நேரம் கிடைச்சிட்டு. போன கிழமைதான் சின்னவ றம்ஸியாட கலியாணம் முடிஞ்சது. புதுசா முடிச்சதுகள், நாம ஏன் இடைஞ்சலா நிக்கோணும், கொஞ்சம் சுத்திப்போட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டம். ஊர்ல அப்பிடித்தான் சொன்ன.

இல்ல இல்ல, எங்கட பக்கத்தில பொண்ணு போறதில்ல. மாப்பிளதான் வாற. வீடு பொண்ணுக்கு. தாய் தகப்பன் இரிக்கிற வீடுதான் இரிக்கெண்டா, அதைக் குடுத்துப்போட்டு அவங்க வெளிக்கிடுற. ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்குப் புதினம், எங்களுக்கு இது சோறு தின்னுற மாதிரி. மூத்தவ ஜெஸீமாக்கு அப்பிடித்தான் முதல் வீட்டைக் குடுத்தம். மறுகா ஒரு துண்டு காணி வளவு வாங்கி, கொட்டில் போட்டு, கொட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கல்வீடாக்கி, இப்ப அது றம்ஸியாக்கு. ஒருத்தரும் இதுக்கு அழுற இல்ல தம்பி. வீடு குடுத்த தகப்பனுக்கு ஊர்ல தனி மரியாத. கலியாணத்தண்டு என்னைத்தான் நடுப்பாயில இருத்தினாங்க.

நீங்க கேக்கிறது சரிதான், தாய் தகப்பன் எங்க இரிக்கிறெண்டு. பின் வளவில கொட்டில் போடுற. அதுதான் வழமை. நாங்களும் கம்பெல்லாம் தறிச்சு அடுக்கி வெச்சம். கூரைக்கு ஓலைக் கிடுகு முழுக்க அவதான் இழைச்சா, நோம்பு நாளையிலயும் விடல்ல. முருங்கைக்குப் பக்கத்தில காலால கோடு கிழிச்சு, இதில குசினி, இதில வாசல் எண்டு காட்டினா. வாசல் கிழக்கால வேணுமாம். அந்த வெயில் மூஞ்சையில அடிக்குமே எண்டன். அடிக்கட்டும், விடிஞ்சது தெரியுமே எண்டா.

போடல்ல தம்பி.

கலியாணக் காவின் எழுதுறதுக்கு முதல்நாள் பின்னேரம் மாப்பிளட காக்கா, அதான் அவர்ர மூத்தவர், வந்து குந்தினார். நல்ல மனிசன், மரியாதையாத்தான் கதைச்சார். வளவைத் துண்டு போடாம முழுக்கப் பொண்ட பேருக்கே உறுதிப்பத்திரம் எழுதினாத் தம்பிக்கு ஒரு கடை போட வசதி எண்டார். பந்தல் போட்டாச்சு. மாடும் அறுத்தாச்சு. சுத்தவரச் சனம். நான் ஓம் எண்டன். யோசிச்சா ஓம் எண்டீங்க எண்டு கேட்டா, இல்ல. வாய் சொல்லிட்டு. நான் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தன்.

அவவா? அவ அந்த நேரம் குசினிக்க. வட்டிலப்பம் அவிச்சுக்கிட்டு நிண்டா. அவவுக்குத் தெரியாது.

கிடுகை மருமகன் எடுத்து ஆட்டுக் கொட்டிலுக்கு வேய்ஞ்சிட்டார். பாவம், அவர்ல பிழையில்ல, உறுதியில உள்ளது அவர் பொஞ்சாதிட வளவு. இவ கொடியில உடுப்புக் காயப் போட்டுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு நிண்டா. ஏன் எண்டு ஒரு வார்த்தை கேக்கல்ல. கலியாண அலுப்பு, கவனிக்கல்லயாக்கும் எண்டு நான் விட்டிட்டன்.

ஜெஸீமாட வீட்டில இரிக்கலாம்தான். அவங்க வேணாம் எண்டு சொல்லமாட்டாங்க. நாலு புள்ளையோட நெருங்கிக்கிட்டு இரிக்குதுகள். அங்க போனா, நான் கதவு போட்ட வீட்டுக்கு நானே வாசல்ல நிண்டு செருமிப்போட்டு உள்ளுக்க போகோணும். மருமகன் எழும்பிக் கதிரையைத் தருவார். எனக்கு அந்தக் கதிரையில குந்த ஏலா தம்பி.

கவலையா? தெரியா. கப்பல்ல தொங்கிக்கிட்டு நாள் முழுக்க அடிச்சுப்போட்டு மேல ஏறினா, கை கொஞ்ச நேரம் நம்மட கை மாதிரி இரிக்காது. கிள்ளினாலும் தெரியா. அப்பிடித்தான் இரிக்கு இந்தக் கிழம முழுக்க. நோகல்ல. பசிக்குது, தின்னுறன். நித்திரையும் வருது.

அவவுக்கு வெருகல்ல வெச்சுச் சொல்லுவம் எண்டு இரிக்கன். முத்துலிங்கம் அந்தக் கொட்டிலைத் தாறன் எண்டு சொல்லட்டும், மறுகா ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லலாம். அவன் ஏலாதெண்டா என்ன செய்றெண்டு இன்னும் யோசிக்கல்ல. அதுமட்டும் சுத்திப் பாக்கப் போறம் எண்ட நினைப்பில வரட்டும். ஒரு மனிசிக்கு ரெண்டு மூணு நாளாவது அப்பிடி இரிக்கோணும்தானே.

அந்தா, பாதை வெளிக்கிட்டிட்டு. கம்பியைப் பிடிச்சு இழுக்கிறாங்க, பாத்தீங்களா? எழும்புங்க. பஸ் ஏறினதும் மற்றப் பக்கமா ஏறி நில்லுங்க, அங்கதான் காத்து.

ஐயோ விடுங்க தம்பி, அந்தச் சாக்கை நீங்க தூக்காதீங்க. பாரம். அது கையைக் கிழிக்கும்.

ஓம். திருவலைதான். தேங்காய் திருவுற திருவலை. துணிக்கு மேலால பல்லுத் தெரியுதா?

விடிய நான் தோள்ல வெச்ச நேரமே முதுகில குத்திச்சு. அப்பவே விளங்கிட்டு என்னெண்டு. வீட்டைக் குடுத்தா குசினிச் சாமானும் மகளுக்குத்தான். ஜெஸீமாட வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டு அவ ஒரு அகப்பை எடுக்கல்ல, இவ்வளவுக்கும் அங்க விட்டிட்டு வந்த திருவலை அவட உம்மா குடுத்தது. இண்டைக்கு சுபஹு தொழுதுபோட்டு, முத்தம் கூட்டி, இதைப் பழைய சாரிக்க சுத்தி அடியில வெச்சிரிக்கா. பஸ்ஸில கட்டுச்சோத்தை மடியில வெச்சுக்கிட்டு வெளியால பாத்துக்கிட்டு வந்தா.

மூண்டு நாள் சுத்திப் பாக்கப் போறவளுக்கு திருவலை எதுக்குத் தம்பி?

இப்ப அங்க றம்ஸியா தேங்காயை உடைச்சு வெச்சுக்கிட்டுக் குசினி முழுக்கத் தேடிக்கிட்டு இரிப்பா. பாவம், புதுசா ஆக்கிற புள்ள.

இஞ்ச தாங்க, சாக்கை நான் தூக்குறன், எனக்குப் பழகிட்டு. அவ வாறா. நான் சொன்னதைக் காட்டிக்கொள்ளாதீங்க, என்ன? பயணம் எண்டே கதைங்க.

வா புள்ள, கால் நனைஞ்சது போதும், பாதை வந்திட்டு. இந்தத் தம்பி பதுளையாம். நம்மளப் போல சுத்திப் பாக்க வந்தவராம்.