யாருடையது பொருந்தும்?

— அதனாலதான் சொல்றேன் தம்பி, உன்னோடதுதான் பொருந்தும். அண்ணன் மூக்கு அப்படியே உனக்கு.

— மூக்க வெச்சா பாப்பாங்க? படிச்சவ பேசுற பேச்சா அக்கா இது? ரத்தத்துல என்னமோ வகை பாக்குறாங்க. அப்பாகிட்டேர்ந்து பாதி, அம்மாகிட்டேர்ந்து பாதி. அண்ணனுக்கு அடுத்துப் பொறந்தவ நீதான்.

— அடுத்துப் பொறந்தா? இது என்ன பஸ் கியூவா?

— அந்த லேப் கதவு திறந்தா தெரிஞ்சிடப்போகுது.

— உன்னோடது பொருந்துச்சுன்னா என்னடா பண்ணுவ?

— என்ன பண்ணுவேன், குடுப்பேன். அண்ணனுக்கு உயிரையே குடுப்பேன்னு குடும்ப குரூப்ல போட்டேனே, பாக்கல?

— பாத்தேன், பாத்தேன். கைய மடக்கி பஞ்சு வெச்ச போட்டோவோட. சோதனைக்கு எடுத்த ரத்தத்துக்கே அந்த அலப்பறை.

— நீ மட்டும்? லிஃப்ட்ல வந்த ஆள் முன்னாடிகூடக் கண்ணக் கசக்கினியே.

— ரத்தப் புற்றுநோய்னா சிரிப்பாங்களா? இனி மருந்து கேக்காது, வேற ஆளோட மஜ்ஜை ஏத்தினாதான் பொழைப்பார்னு டாக்டர் சொன்னப்ப பக்கத்துல நின்னது நான். நீ வண்டிய நிறுத்தப் போன.

— இடம் கிடைக்கல, அக்கா.

— டாக்டர் பேசி முடிச்சதும் கிடைச்சிடுச்சு.

— சரி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுப்பாங்களாம். என் முதுகு உனக்குத் தெரியும்ல?

— தெரியாம என்ன? வீட்ல ஒரு வேலைன்னா நான் பாக்குறதே உன் முதுகத்தான்.

— நக்கல் பண்ணு. நீதான் திடமா இருக்க, நீ குடு.

— எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துரும்.

— மூணு பிள்ள பெத்தவளுக்கா?

— இருந்த தெம்பெல்லாம் அதுலயே போயிடுச்சுடா. உங்க மாமா வேற வேண்டவே வேண்டாம்ங்கிறார்.

— நீ சொல்லாம தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு, அவரு வேண்டாம்னாராக்கும்.

— மெதுவா. கதவு திறக்குது. மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கோ.

— நீ கண்ணத் தொடச்சுக்கோ. ஓ, ஈரமே இல்லையா?

— ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. ரிசல்ட் வந்துடுச்சு, டாக்டர் உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டார்.

— சொல்லுங்க மேடம். தம்பியோடதுதானே?

— அக்காவோடதுதானே மேடம்?

— ரெண்டு பேரோடதும். இப்படி அமையறது அபூர்வம். மூணு பேரும் ஒரே வார்ப்பு.

— ரெண்டு பேரோடதுமா...

— என்ன சார், அக்காவுக்கும் உங்களுக்கும் சந்தோஷம்தானே?

— சந்தோஷம் மேடம், ரொம்ப சந்தோஷம். ஆனா பிள்ள பெத்த உடம்புக்குத் தாங்குற சக்தி அதிகம்பாங்க...

— வயசு கொறஞ்சவங்களோடதுதான் விசேஷம்னு நான் படிச்சேன் மேடம். இவன் எனக்கு இளையவன்.

— நீங்க அடிச்சுக்கவே வேண்டாம். கொடையாளர் பதிவேட்டுல முன்பின் தெரியாத ஒருத்தரோடதும் முழுசா பொருந்தியிருக்கு. கேட்ட உடனே வர்றேன்னுட்டாராம். உங்க அண்ணன் அதுவே போதும்னுட்டார்.

— கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், எவனோ ஒருத்தனோடதா? நான் தர்றேன் மேடம்.

— அக்காவுக்கு மயக்கம் வரும் மேடம். நான் தர்றேன். இப்பவே படுக்கச் சொன்னாலும் படுக்குறேன்.

— டாக்டரும் எவ்வளவோ சொல்லிப் பாத்தார், கூடப்பொறந்தவங்களோடதுதான் முதல்லன்னு. அவர் அசையல.

— ஏனாம் மேடம்? அப்படி என்ன பண்ணிட்டோம் நாங்க?

— அதையும் உங்ககிட்ட அப்படியே சொல்லச் சொன்னார். ‘அந்த மனுஷனுக்கு என் பேர்கூடத் தெரியாது, பொழைச்சா நிம்மதியா இருப்பேன். இதுங்க ரெண்டுல யார் குடுத்தாலும், ஏன்டா பொழைச்சோம்னு ஆயிடும்.’