நனையாத குடம்

— குடத்தக் காட்டு.

— என்ன குடத்துக்கு?

— காட்டுன்னா காட்டு, கங்கம்மா.

— இந்தா, பாத்துக்கங்க.

— உள்ள காஞ்சு கெடக்கு.

— தண்ணி வரல. வராத தண்ணியில எப்படி நனையும்?

— நேத்தும் வரல. முந்தாநாளும் வரல.

— அருப்புக்கோட்டையில தண்ணி வரலைங்குறது அதிசயமா? தறியப் பாருங்க.

— தறியப் பாத்துக்கிட்டேதான் கேக்குறேன். விடியுமுன்ன குடத்தத் தூக்கிட்டுப் போற. வெயில் ஏறத் திரும்பி வார. குடம் நனையல. ரவிக்கை முதுகு மட்டும் நனைஞ்சிருக்கு.

— நடந்தா வேர்க்காதா?

— பந்தல்குடி ரோட்டுக் கிணறு கூப்புடு தூரம். அதுக்கு இம்புட்டு வேர்வையா?

— கூட்டம். வரிசையில நின்னேன்.

— யார் யாரு நின்னாக?

— ஊரே நின்னுச்சு.

— பேரு சொல்லு.

— தறியில ஓடுற நாடாவுல நூலு தீந்திருக்கும். சுத்தித் தரட்டா?

— பேச்ச மாத்தாத.

— கங்கம்மா! ஏ கங்கம்மா... உள்ளதான் இருக்கியா?

— வாங்க, சுப்பம்மாக்கா.

— ஒரு குடம் தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன். கிணத்துல இன்னிக்கு நல்ல ஊத்து. நாலு நடை எடுத்துட்டேன். உன்னைய அங்குட்டுக் காணவே காணோமே? என்ன வேங்கடபதி தம்பி, தறி நின்னுபோச்சு?

— இழை அறுந்துருச்சுக்கா.

— சரி, முடிஞ்சு போடுங்க. நான் வாரேன்.

— நல்ல ஊத்தாம்.

— ம்.

— நாலு நடையாம்.

— கேட்டுச்சு.

— இப்பச் சொல்லு. எவன்?

— எவனா!

— கிணத்துப் பக்கம் போகல. பின்ன எங்க போன?

— எனக்கு நாப்பது வயசாச்சு. மகளுக்குக் கல்யாணம் முடிச்சுப் பேரனும் பாத்தாச்சு. இனிமே எவனாவது வருவானாக்கும்.

— ஏன் வரமாட்டான்? ரெண்டு மாசமா முகமே மாறிப்போச்சு. இடுப்பு இளைச்சிருக்கு. கொசுவத்துல ரெண்டு மடிப்புக் கூடியிருக்கு.

— மடிப்ப எண்ணுனீகளா?

— நான் நெய்த சேலை. எனக்கு எண்ணத் தெரியாதா?

— நெசவுக்காரனுக்கு வாக்கப்பட்டா இதான்.

— ஒரு கரண்டி சோத்துக்கு மேல போட்டுக்கிறதில்ல. காப்பிக்குக் கருப்பட்டி வேணாங்குற. மனசுல ஆளு இருந்தாத்தான் சோறு இறங்காது.

— உங்களக் கட்டிக்கிட்டப்ப எனக்கு நல்லா இறங்குச்சே.

— சிரிக்காத... கோயில் திருநாளன்னிக்கும் போன. மாப்பிள்ளை வந்து தங்கியிருந்தாரே, அன்னிக்கும் போன. காச்சல் அடிச்சப்பவும் போன. அப்படி எவன்டி காத்துக் கெடக்கான்?

— மெதுவா. சுப்பம்மாக்கா இன்னும் தெருக் கோடியக்கூடத் தாண்டியிருக்காது.

— கால நீட்டு.

— எதுக்கு?

— நீட்டு... கரிசல் மண்ணு. நம்ம தெருவுல ஏது கரிசல்? திருச்சுழி ரோட்டுல சோலைச்சாமி பம்புசெட்டுப் பக்கம்தான் இந்த மண்ணு.

— கால விடுங்க.

— சோலைச்சாமியா?

— சோலைச்சாமிக்குப் பல்லே இல்ல.

— பல்லு எதுக்கு?

— அட கடவுளே... பம்புசெட்டத் தாண்டித்தான் போறேன். ரெண்டாவது மைல்கல்லு வரைக்கும்.

— பழைய கல்லா? இப்பக் கிலோமீட்டர் போட்டு நட்டிருக்காகளே, அந்தக் கல்லா?

— பழசு.

— அங்க யாரு?

— கல்லுதான்.

— விளையாடாத.

— கல்லத் தொடுவேன். திரும்புவேன்.

— தொட்டு?

— திரும்புவேன்.

— அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்?

— நடக்க.

— நடந்து எங்க போற?

— எங்கயுமில்ல. நடக்குறதுக்காகத்தான் நடக்குறேன்.

— எங்கயும் போகாம எவளாவது நடப்பாளா?

— டாக்டர் சொன்னாரு.

— எந்த டாக்டரு?

— ஆஸ்பத்திரி டாக்டரு.

— ஆம்பளையா?

— ஆமா.

— சின்ன வயசா?

— மீசை இருந்துச்சு. வயசு கேக்கல.

— எப்பப் போன?

— பொங்கல் கழிச்சு. கால்ல புண்ணு ஆறவே இல்ல. நீங்க சங்கரலிங்கம் கடைக்குச் சேலை குடுக்கப் போயிருந்தீக.

— தனியாவா போன?

— பக்கத்து வீட்டுக் கஸ்தூரியோட. மூத்திரத்துல நீல மருந்து ஊத்திக் காய்ச்சுனாக. நிறம் மாறிப்போச்சு.

— என்ன நிறம்?

— செங்கல்லு.

— செங்கல்லுன்னா... அரக்கு மாதிரியா?

— சாயமா போடுறாக? செங்கல்லுன்னா சக்கரை நெறைய இருக்குன்னு அர்த்தமாம். எங்கம்மாவுக்குக் காலை எடுத்தாகளே, அதே வியாதி. தெனமும் ஒரு மணி நேரம் வேகமா நடம்மான்னாரு. ஒரு நாள் கூட விடாதன்னாரு. விட்டா என்ன ஆகும்னு நான் கேக்கல. எனக்குத்தான் தெரியுமே.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா என்ன கேட்டிருப்பீக?

— பாவு போடுறப்ப நாளெல்லாம் நடக்குறியே, அது பத்தாதான்னு...

— அதான் சொல்லல.

— பத்தாதா? நூலப் புடிச்சுக்கிட்டுத் தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறதெல்லாம் நடையில்லையா?

— அங்க நூலு நின்னா நிக்கணும், நூலு போனா போகணும். இது நானா நடக்குறது.

— குடம் எதுக்கு?

— குடம் இல்லாம ஒருத்தி விடியக்காலம் ரோட்டுல போனா என்ன கேப்பாக?

— எங்க போறன்னு.

— இடுப்புல குடம் இருந்தா?

— ...கேக்கமாட்டாக.

— அதான்.

— மொத நாளே அந்தக் கல்லு வரைக்குமா?

— எங்க? தெருவத் தாண்டுனதும் மூச்சு இரைச்சுருச்சு. ஒரு புளியமரத்தடியில குடத்தக் கவுத்திப்போட்டு அதுமேலயே உக்காந்துட்டேன். அழுகையா வந்துச்சு. மறுநாள் அந்த மரத்தத் தாண்டுனேன். அதுக்கு மறுநாள் அடுத்த மரம். கல்லத் தொட ஒரு மாசம் ஆச்சு.

— தொட்ட அன்னிக்கு யார்கிட்ட சொன்ன?

— யார்கிட்டயும் சொல்லல.

— எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?

— தோணல. இழை அறுந்துருச்சு பாருங்க.

— அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இப்ப அந்த மருந்து என்ன நிறம்?

— போன வாரம் பச்சைக்கு வந்துருச்சு.

— எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?

— இலைப்பச்சை. நீலம் நீலமாவே நின்னுருச்சுன்னா பொழைச்சேன்.

— சரி. நாளைக்கு நானும் வாரேன்.

— வேணாம்.

— ஏன்?

— தறி கெடக்கு.

— ஒரு மணி நேரம் கெடக்கட்டும். தறிக் குழியிலயே உக்காந்து உக்காந்து எனக்கும் இடுப்பு வலிக்குது.

— அப்ப நீங்க விருதுநகர் ரோட்டுல போங்க.

— புருசன் பொண்டாட்டிக்கு ஆளுக்கொரு ரோடா?

— ம்.

— நடக்குறப்ப என்ன நெனச்சுக்கிட்டுப் போவ?

— ஒண்ணுமில்ல.

— மகளை நெனப்ப.

— இல்ல.

— என்னைய?

— இல்ல.

— வேற யாரையாவது...

— யாரையுமில்ல. மூச்சு வாங்கும். காலு பாட்டுக்குப் போகும். அம்புட்டுதான்.

— ஒரு மணி நேரம் முழுக்கவா?

— முழுக்க.

— எவனாவது இருந்தா சட்டையப் புடிச்சு உலுக்கியிருப்பேன். இதுக்கு யாரப் போயிப் புடிக்க?

— யாரையும் புடிக்காதீக.

— நாளையிலேர்ந்து போகக்கூடாது. நடக்கணும்னா வீட்டுக்குள்ள நட.

— போவேன்.

— நான் சொல்றேன்ல?

— நீங்க சொல்லுங்க. மழை பெஞ்சாலும் நான் போவேன்.

— மழையா? இந்த ஊர்லயா?

— எது பெஞ்சாலும். காலு என்னோடது.

— இருவத்திரெண்டு வருசத்துல இப்படி ஒரு வார்த்தை நீ பேசுனதில்ல.

— இருவத்திரெண்டு வருசமா நடக்கலயே.

— ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக்கூடாது.

— சொல்லுங்க.

— எவனும் இல்லைன்னு எனக்குத் தெரியும். உன் வாயால கேக்கணும்னுதான் இம்புட்டும் கேட்டேன். மூணு நாளா நான் உன் பின்னாலதான் வந்தேன். மரத்துக்கு மரம் ஒளிஞ்சு ஒளிஞ்சு. அப்புறம் கரிசக்காட்டுக்குள்ள குறுக்க விழுந்து ஓடியாந்து, உனக்கு முந்தித் தறியில உக்காந்துக்குவேன். அந்தக் கல்லத் தொட்டுட்டு நீ சிரிச்சதப் பாத்தேன், கங்கம்மா. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அதப் பாத்ததுலேர்ந்துதான் எனக்குத் தூக்கமில்ல.

— தெரியும். நீங்க பின்னால வந்த மொத நாளே உங்க இருமல் கேட்டுச்சு. நீங்க பின்தங்கட்டும்னுதான் எட்டி நடந்தேன்.