டியூப் ஆம்ப், நல்ல நிலையில்

முதலில் உட்காருங்கள். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் இந்த மாதிரி ஆம்பை சுவிட்ச் போட்டவுடன் வாசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி டியூப்கள் சூடேறிச் சிவக்க வேண்டும். அதுவரை அது தூக்கக் கலக்கத்தில் இருக்கும். காலையில் காபி குடிக்கும்வரை நானும் அப்படித்தான்.

நீங்கள் டார்ச் கொண்டுவந்திருப்பதைக் கவனித்தேன். சட்டைப்பையில் ஒரு பென்சிலும் இருக்கிறது. டியூப்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத்தானே? தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்டால் அந்த டியூப் ஓய்வுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். தாராளமாகத் தட்டுங்கள். வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்தீர்களே, அதுவும் சரிதான். கருகல் வாசனை அடித்தால் டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு நேரம் மோந்திருக்க வேண்டியதில்லை. நான் குளித்துவிட்டுத்தான் இருக்கிறேன்.

ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்கள். பழைய பொருள் வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. மற்றதையெல்லாம் காதும் மூக்கும் சொல்லிவிடும். பெரும்பாலும் வீட்டில் இடமில்லை என்பார்கள். இந்த வீட்டைப் பாருங்கள். கீழே நானும் என் புத்தகங்களும், மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும். பந்து விளையாடலாம், அவ்வளவு இடம். ஆகவே அந்தப் பொய் எனக்கு உதவாது. பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன் நான். ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

இது என் தங்கையின் கணவர் வாங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். நான் போட்டிருக்கும் இந்தக் கண்ணாடி அவர் தேய்த்ததுதான். மிச்ச நேரமெல்லாம் கிட்டார். கல்யாணமாகி மாடிக்குக் குடிவந்த நாள் முதல் என் தலைக்கு மேலே அந்தக் கிட்டார்தான். எனக்குச் சத்தம் பிடிக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அவர் வெளியூர் போன நாட்களில் எனக்குப் படிப்பு ஓடுவதில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அது அவர்களுக்குத் தேவையில்லாத தகவல்.

அவர் ஓயாமல் பேசுகிறவர். நான் பேசாதவன். "மச்சான் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் ரெண்டு பாட்டு வாசிச்சு முடிச்சிடுவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. நான் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஏதாவது கேட்டால், வேண்டாம் என்பதற்குத் தலையைத் தூக்குவேன். சரி என்பதற்குப் பக்கத்தைத் திருப்புவேன். தங்கை சிறு வயதிலேயே இதைக் கற்றுக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்ச நாள் திணறினார், பிறகு தேறிவிட்டார். "பக்கத்தத் திருப்பிட்டார், அனுமதி கெடச்சாச்சு, கெளம்பு" என்று படிக்கட்டிலிருந்தே கத்துவார்.

அப்போதுதான் ஒரு தாடிக்காரர் வந்தார். கடலோர ஊர் ஒன்றில் பெரிய ஹோட்டல், அதில் தினமும் வாசிக்கும் குழு, அதற்குத் தலைவர் அவர். மாப்பிள்ளை வாசித்ததைக் கேட்டுவிட்டு வேலை தருகிறேன் என்றார். குடும்பத்தோடு தங்க வீடும் தருவார்களாம். ஒரே நிபந்தனை. நல்ல டியூப் ஆம்ப் சொந்தமாக இருக்க வேண்டும். "அது இல்லாம வந்தீங்கன்னா சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

தங்கை அன்றே ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். போகும் வீட்டு ஜன்னலின் அளவு தெரியாமலே.

மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "மச்சான், புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. பழசுதான். நீங்க அதப் பத்திப் படிங்க, நான் வாசிச்சுப் பாக்கறேன். குறை கண்டுபிடிக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல."

படித்தேன். எதைப் படித்தாலும் முழுக்கப் படிப்பது என் வழக்கம்.

முதலில் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போனோம். குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. தூசி, வேறொன்றும் இல்லை. தூசி போக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு இரண்டு திருப்புத் திருப்பினால் போய்விடும். நான் உதட்டைப் பிதுக்கினேன். "உள்ள ஏதோ போயிருக்கு மாப்பிள்ளை" என்றேன். அடுத்தது ஒரு முடிதிருத்துபவருடையது. ஸ்பீக்கரை மாற்றியிருந்தார், அதுவும் முன்பிருந்ததைவிட நல்லதாக. "மாத்துன ஸ்பீக்கர்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. மிச்சத்தை மாப்பிள்ளையே நினைத்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா தலையில நல்லாக் கட்டியிருப்பானுங்க மச்சான்" என்றார். இரண்டும் அருமையான ஆம்ப். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது இது. முன்பு மேடையில் பாடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வைத்திருந்தார். நான் உங்களைப்போலவே குனிந்து மோந்தேன்.

"மோந்து பாத்து வாங்க இதென்ன மீனா?" என்றார் அந்த அம்மாள். "வாசிக்கறவர் எவரு? நீங்களா, அவரா?"

"அவர்தான்."

"அப்ப நீங்க அந்தப் பக்கமா ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தார். அது அறைக்குள் நிதானமாக விரிந்து, சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டு, இறங்க மனமில்லாமல் இறங்கியது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தொண்டையைக் கனைத்தேன். அப்போதும் திரும்பவில்லை. "எடுத்துக்கறேன்மா" என்றார்.

என்னைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அது. எனக்கு வருத்தமில்லை. குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்கள். பின்பலகையின் திருகுகளில் கீறல் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். ஆமாம், திறந்திருக்கிறார்கள். உங்கள் கண் கூர்மை. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு லேசான உறுமல் கேட்டது. தரையில் வண்டு புரண்டு கிடப்பதுபோல. பழுது பார்ப்பவர் ஊரில் இல்லை. கிளம்பும் நாளோ நெருங்கிவிட்டது. பெட்டிகள் எல்லாம் கட்டி மாடிப்படியின் கீழே வரிசையாக நின்றன. மாப்பிள்ளை ஆம்பை இந்த அறைக்குத் தூக்கிவந்து, இதோ இந்த மேசையில் வைத்துத் திறந்தார். வெளிச்சம் இங்கேதான் நன்றாக வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு உறுமலைக் கேட்டார். பிறகு நிறுத்தினார். நான் என் நாற்காலியில் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி கடைசியில் யாருடன் போவாள் என்று தெரியாத இடம்.

இந்த ஆம்புகளில் ஒரு விஷயம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை முறைப்படி வடியவிடாமல் கை வைக்கக் கூடாது. நான் படித்த நூலில் அது தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வாக்கியத்தில் ஓர் ஒற்றுப்பிழை. பென்சிலால் திருத்தினேன். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

மாப்பிள்ளை கேட்டார். "மச்சான், பிளக்கப் பிடுங்கிட்டேன். இப்ப உள்ள கை வைக்கலாமில்ல?"

நான் உடனே எதுவும் செய்யவில்லை. அந்த நேரத்தை இப்போதும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மாடியில் தங்கை எதையோ இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார். என் பதிலுக்குக் காத்திருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி.

பக்கத்தைத் திருப்பினேன்.

"சரி" என்றார். வலது கையில் டார்ச் இருந்ததால் இடது கையை உள்ளே விட்டார். கிட்டாரில் தந்தியை அழுத்துவது இடது கை. கனமான புத்தகத்தைப் பட்டென்று மூடினால் வருமே, அந்த அளவுதான் சத்தம். பிறகு அவர் அந்தச் சுவரோரம் கிடந்தார்.

உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதில் நான் தாமதிக்கவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பயப்படாதீர்கள். பழுது பார்ப்பவர் பிறகு வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். இப்போது உறுமல்கூட இல்லை, கேளுங்கள். பூனை தூங்குவதுபோல் இருக்கிறது.

அவரைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்பதுபோல் இருக்கிறது உங்கள் முகம். இல்லை. அவர் இறந்துபோனால் தங்கை இந்த வீட்டில் ஒரு நாள் இருப்பாளா? அதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? பயணம் கொஞ்சம் தள்ளிப் போனால் போதும் என்று நினைத்தேன். எவ்வளவு கரண்ட் இருக்கும் என்பது அந்த நூலில் தெளிவாக இல்லை. அது நூலாசிரியரின் குறை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையில் விரல்கள் மரத்துப்போயின. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டே நிற்பார், சுடுவது தெரியாது. தங்கைதான் ஓடிவந்து வாங்கி வைப்பாள். லென்ஸ் தேய்க்கும் வேலையையும் கடையில் மாற்றி, இப்போது கல்லாப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் எல்லோரிடமும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. அவர் கதையில மூழ்கிட்டா வீடு தீப்பிடிச்சாலும் தெரியாது. நான் கேட்டதே அவர் காதுல விழல. பக்கம் முடிஞ்சுது, திருப்பினார். நான்தான் லூசு மாதிரி அதப் பதில்னு எடுத்துக்கிட்டேன்." நர்ஸ் சிரித்தார். தங்கைகூட அழுகையினூடே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு நல்ல மனிதர் அவர். இப்படிப்பட்டவரை யார் ஊரைவிட்டு அனுப்புவார்கள்?

அதன் பிறகு வந்தவைதான் எங்கள் நல்ல நாட்கள். சாயங்காலமானால் கீழே வந்து என் எதிரில் உட்காருவார். முன்போல் பேச்சில்லை. நான் படிப்பேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கு போடக்கூட எழ மாட்டோம். மௌனம் ஒரு பழக்கம், வந்தால் விடாது. அவருக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வரவில்லை. கொஞ்ச நாளாக மாடியில் மறுபடியும் சத்தம். போய்ப் பார்த்தால், எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறார். "பாத்தீங்களா மச்சான், அழுத்தவே வேணாம். சும்மா வழுக்கினாப் போதும். விரலுக்கு உணர்ச்சி எதுக்கு, காது இருக்கில்ல?" அழுகிற குரல்போல் வந்தது. முன்பு வாசித்ததைவிட நன்றாக இருந்தது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

தாடிக்காரர் இந்த வாசிப்பைப் போனில் கேட்டிருக்கிறார். உடனே கிளம்பி வா என்றிருக்கிறார். வருகிற வாரம் பயணம். இப்போது இருவரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். பழைய பெட்டிகளில் கரையான் ஏறிவிட்டதாம், புதுப் பெட்டி வேண்டுமாம். போகும்போது மாப்பிள்ளை, "மச்சான், ஆம்ப் ரொம்ப நாளா சும்மா கெடக்கு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

உடைத்துப் போடலாம்தான். நல்ல பொருள், மனம் வரவில்லை. விலையும் பேச வேண்டாம், கொடுப்பதைக் கொடுங்கள். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், பின்வாசல் வழியாக உங்கள் வண்டி வரைக்கும் போய்விடலாம். கனம், முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன யோசிக்கிறீர்கள்? இதை எனக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் எங்கேயும் எப்படியும் இருந்துகொள்வேன், கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும். அவர்களை நினைத்தால்தான் மனம் கேட்கவில்லை. முன்பின் தெரியாத அந்த ஊரில், பாவம், என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?