ஒரிஜினல் கண்டென்சர்

மெழுகு உருக்குவதற்குத் தலைமுடி காயவைக்கும் டிரையரே போதும், இன்ஸ்பெக்டர் சார். அடுப்பெல்லாம் தேவையில்லை. நீங்கள் ராமாபுரத்துக்காரர் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் கன்னடத்தில் எழுதாமல், உங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதித் தருகிறேன்.

மண்டி மொஹல்லாவில் முப்பது வருஷமாக வால்வு ரேடியோ பழுதுபார்க்கிறேன். பழைய ரேடியோவில் முதலில் கெடுவது கண்டென்சர். காகிதச் சுருளை மெழுகில் அடைத்த சின்னக் குழாய் அது. அதைச் சூடாக்கி, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதியதைச் செருகி, மறுபடி மெழுகு பூசிவிடுவோம். வெளியே தாத்தா, உள்ளே பேரன்.

ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஜகதீசன் சாரின் ரேடியோவுக்கும் அதைத்தான் செய்தேன். சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் காதில் விழவில்லை. அந்தக் காதுகளுக்கு வேறு பெரிய வேலை இருந்தது. பழைய ரேடியோ சேகரிப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மாதாமாதம் உறுப்பினர்களை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "எழுபது வருஷத்துக் கண்டென்சர். இந்த நாதம் புதுசுல வருமா?" என்பார். அவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள், போண்டா வரும்வரை.

ஒருநாள் பெங்களூரிலிருந்து வந்திருந்த அருண்ராஜ் என்ற உறுப்பினர், அந்த ரேடியோவின் கண்டென்சர் ஒன்றைச் சும்மா நகத்தால் சுரண்டிவிட்டார். மெழுகுக்குள்ளிருந்து மஞ்சளாக, போன வருஷத் தேதியோடு, புதுசு எட்டிப்பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜகதீசன் சார் அந்தச் சிரிப்பை என் பக்கம் திருப்பிவிட்டார். 'மாரிசாமி ஒரு மோசடிக்காரன்' என்று என் படத்தோடு வாட்ஸப்பில் போட்டார். மூன்றே மாதத்தில் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பிறகு அவரே வந்தார், அதே ரேடியோவோடு.

"பழசையே திரும்பப் போடு, மாரிசாமி. ஒரிஜினல், அஷ்டே. உன் அட்வைஸ் ஒண்ணும் பேடா, வேண்டவே வேண்டாம். வாயைத் தொறக்காதே."

உருவிய சுருள்களை நான் எறிவதில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். எல்லாவற்றையும் அதனதன் குழாய்க்குள் திரும்ப வைத்தேன். அதில் ஒன்று, வீட்டு மின்சாரத்துக்கும் ரேடியோவின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது. அது பழுதானால் சட்டம் முழுக்கக் கரண்ட் பாயும். மீட்டரில் வைத்துப் பார்த்தேன், சுத்தமாகப் போயிருந்தது. இதை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்று எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்வேன். சொல்ல அரை நிமிஷம் ஆகும். அவரிடம் சொல்லவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்றாரே.

புதன்கிழமை காலையில் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் வைத்து ஓடவிட்டேன். பின்மூடியைப் போடவில்லை, பழசெல்லாம் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுவார் என்று. குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தார். நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்பக்கமாகக் கையை விட்டு, ஒவ்வொரு கண்டென்சராகத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டத்தைப் பிடித்தார். விடவில்லை.

அவர் மனைவி கனகலக்ஷ்மி அம்மா சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தார். "என்ன, பேச்சு மூச்சே காணோம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"சார் பாட்டு கேக்கறாரும்மா," என்றேன்.

சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான்தான் அணைத்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் அணைத்தேன். அவ்வளவு ரசித்துக் கேட்கிற மனுஷருக்கு நடுவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.